அவமானம் எங்களுக்கே

ஓர் ஊரின் மானத்துக்கு எங்கள் தீவுக் கரையில் விலை இதுதான்: கொழுத்த பன்றி ஒன்று, டின் மீன் இருபது பெட்டி, மாதக்கணக்கில் பின்னிய சீர்ப்பாய் ஒன்று. மானத்துக்கு விலை உண்டா என்று கேட்கிறவர்கள் பேரம் பேசத் தெரியாதவர்கள். பன்றி இளைத்திருந்தால் பெட்டியைக் கூட்டிக் கேட்கலாம். பாய் பழசாக இருந்தால் வாயைத் திறக்கக் கூடாது, பழசுக்குத்தான் மதிப்பு.

படகு மோட்டார் பழுதுபார்க்கும் ஃபிலேமோனியிடம் பன்றி ஒன்று இருந்தது. பாயும் ஒன்று இருந்தது. அவமானப்பட்ட ஊர்கள் மூன்று. இந்தக் கடைசிக் கணக்கு மட்டும் அவருக்கு இன்னும் தெரியாது.

சனிக்கிழமை விடிகாலை. வைநாமோ ஊர்த் தலைவர் அசுவேலுவின் வீட்டு முன்னால், பனியில் நனைந்த புல்லில் மண்டியிட்டு, தலை மண்ணில் படக் குனிந்திருந்தார் ஃபிலேமோனி. மேலே சீர்ப்பாய் போர்த்தியிருந்தது. அதே பாயின் அடியில் அவருடைய தங்கை மகள் தைமானே, வயது பத்தொன்பது. பக்கத்துத் தென்னை மரத்தில் கட்டியபடி பன்றி. தலைவர் இறங்கி வந்து பாயைத் தூக்கினால் மன்னிப்பு. தூக்காவிட்டால் தைமானே ஊரை விட்டு வெளியே. ஊர்ச் சபை வியாழக்கிழமை அப்படித்தான் தீர்ப்புச் சொல்லியிருந்தது. செத்துப்போன தங்கை அவரிடம் விட்டுப்போனது ஒரு தையல் மெஷினையும் இந்தப் பெண்ணையும்தான். தையல் மெஷின் உப்புக்காற்றில் துருப்பிடித்துவிட்டது.

"மாமா, கால் மரத்துப் போச்சு."

"வாய் மரத்துப் போயிருந்தா நாம இங்க வந்திருக்கவே வேண்டாம்."

"பாட்டுல ஒரு பொய் இருக்கா, சொல்லுங்க."

"பொய்யா இருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பாங்க. உண்மைக்குத்தான் பன்றி கேக்கறாங்க."

"முழுப் பாட்டையும் நீங்க கேட்டீங்களா?"

ஃபிலேமோனி பாயின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். "பஸ்ஸு நம்ம ஊரைத் தாண்டற வரைக்கும் கேட்டேன்."

அவர் மட்டுமல்ல, கரை முழுக்க அப்படித்தான் கேட்டது. தைமானே ஒரு ராப் பாட்டுக் கட்டி, காலி பெயிண்ட் பக்கெட்டில் தாளம் போட மூன்று பையன்களைச் சேர்த்துக்கொண்டு, கைப்பேசியில் பதிவு செய்திருந்தாள். அபியா நகரத்துத் துணிக்கடையில் அவளுக்கு வேலை. காலை ஏழரைப் பேருந்தில் வைநாமோ பாலத்தில் ஏறுவாள். ஓட்டுநர் எனேலே, நம்ம ஊர்ப் பொண்ணு பாட்டு என்கிற பெருமையில், அவள் ஏறியதும் அந்தப் பாட்டைப் போட்டு, மாட்டுவண்டிச் சக்கரம் அளவு இருக்கும் இரண்டு ஒலிபெருக்கியையும் திறந்துவிடுவான். பாட்டில் மூன்று சரணம். பாதையில் அடுத்தடுத்து மூன்று ஊர். வைநாமோவைக் கடக்கும்போது முதல் சரணம் முடியும். சலேதூவுக்கு இரண்டாவது. மதாலுவாவுக்கு மூன்றாவது. சாயங்காலம் திரும்பும்போது ஊரெல்லாம் பிரார்த்தனை நேரம், பாட்டுக் கூடாது. ஆகவே ஒவ்வொரு ஊரும் தினம் காலையில் தன் சரணத்தை மட்டும் கேட்டது. இளசுகள் கைப்பேசியில் முழுதாகக் கேட்டிருந்தார்கள். ஆனால் இளசுகளை யார் கேட்டார்கள்?

வைநாமோவுக்கு வாய்த்த வரி இது:

அப்பன் பெல்ட்டு முதுகுல எழுதுன பாடம்,
சட்டை போட்டு மறைச்சுட்டா பள்ளிக்கூடம்.

முதல் நாள் ஊர் சிரித்தது. இரண்டாம் நாள், யார் வீட்டுப் பையன் என்று விசாரித்தது. நாலாம் நாள் சபை கூடி, பாட்டு நம்மைப் பற்றியதுதான் என்று ஒருமனதாக முடிவு செய்தது. பையன்களின் சட்டையைத் தூக்கிப் பார்க்கலாமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வெயில் ஏறியது. அசுவேலு உள்ளே இரண்டாவது கோப்பை கோக்கோ குடித்துக்கொண்டிருந்தார். மதியம்வரை காக்க வைத்தால் டின் மீனை முப்பது பெட்டியாக்கலாம் என்று சபையில் அவருக்காகப் பேசும் பேச்சுக்காரர் காதில் ஓதியிருந்தார். அப்போது ஒரு பிக்கப் வண்டி வந்து புல்லில் ஏறி நின்றது. பக்கத்து ஊரான சலேதூவின் தலைவர் மகேலே, நாலு ஆட்களோடு இறங்கினார்.

"நிறுத்துங்க. அந்தப் பாட்டு எங்களப் பத்தினது."

அசுவேலு உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். அங்கே எந்த வீட்டுக்கும் சுவர் கிடையாது, கத்த வேண்டியதில்லை. "யாரு சொன்னது?"

"தினமும் எட்டு மணிக்கு முன்னாடி எங்க சர்ச்சு வாசல்ல கேக்குதே. நியூசிலாந்துல ஆப்பிள் பறிக்கப் போன பையனைப் பத்தி. எங்க ஊர்லேர்ந்துதான் நாப்பது பேர் போயிருக்கான்."

"ஆப்பிளா? பாட்டுல ஆப்பிளே கிடையாது. பெல்ட்டு."

"பெல்ட்டு எங்க வந்துச்சு நடுவுல? ஒரு பன்றிக்காகப் பாட்டையே மாத்துவீங்களா?"

பாயின் அடியில் தைமானேவின் தோள் குலுங்கியது. ஃபிலேமோனி அவள் கையைக் கிள்ளினார்.

கோக்கோவை வைத்துவிட்டு அசுவேலு எழுந்தார். முட்டி வலிக்காரர், படியிறங்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அன்றைக்கு யாரும் பிடிக்கவில்லை. வெறுங்காலோடு ஓடி வந்து பாயை ஒரே இழுப்பில் உருவினார்.

"மன்னிச்சாச்சு. பன்றியைப் பின்னாடி கட்டுங்கடா."

மகேலே பன்றி போவதையே பார்த்தார். அப்புறம் ஃபிலேமோனி பக்கம் திரும்பினார். "எங்க அவமானத்துக்கு உண்டான பன்றியைப் பக்கத்து ஊருக்குத் தூக்கிக் குடுத்திருக்க. பாட்டு முதல் அவமானம். இது ரெண்டாவது. இனிமே இந்தப் பொண்ணு உக்காந்திருக்கற பஸ்ஸு எங்க ஊரைத் தாண்டாது."

அசுவேலு, மன்னித்த சூடு ஆறுவதற்குள், ஃபிலேமோனியைத் தனியாக அழைத்தார். "பக்கத்து ஊரோட நமக்கு வம்பு வேண்டாம்ப்பா. அவங்களைச் சமாதானம் பண்ணு. முடியலன்னா, இவ போயிடட்டும்."

"இப்பதானே மன்னிச்சீங்க?"

"எங்களுக்குப் பண்ண தப்பை நாங்க மன்னிச்சாச்சு. அவங்களுக்குப் பண்ண தப்பை நான் எப்படி மன்னிக்கறது? அது முறையா?"

முறை என்ற சொல்லுக்கு எதிராகப் பேச எங்கள் கரையில் இன்னும் யாரும் பிறக்கவில்லை.

ஃபிலேமோனியின் மனைவி சினீவா, தன் கல்யாணத்துக்கு வந்த பாயைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரையில் போட்டாள். "எங்கம்மா ஏழு மாசம் பின்னினது. எடுத்துக்கங்க. எங்கண்ணன் வீட்டுப் பன்றியையும் ஓட்டிக்கங்க. அப்புறம் என்னையும் சேர்த்துக் கட்டிக் குடுத்துடுங்க."

"உன்னைக் குடுத்தா திருப்பி அனுப்பிடுவாங்க."

"பேசுங்க. பாய்க்கு வெளிய இருக்கறப்ப மட்டும் நல்லாப் பேசுங்க."

செவ்வாய்க்கிழமை சலேதூவில் குனிந்தார்கள். மகேலே நல்ல மனிதர், ஒரு மணி நேரத்தில் பாயைத் தூக்கினார். தூக்கியதும் பன்றியைச் சுற்றி நடந்து பார்த்தார். "இது பாட்டுக்கு. எங்க பன்றியை அவங்களுக்குக் குடுத்தியே, அதுக்கு?"

பதில் சொல்வதற்குள் மூன்றாவது ஊரான மதாலுவாவின் தலைவர் தௌமுவா வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பது தெரிந்தது. இளைத்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். அவர் கோபப்படவேயில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வீட்டை விட்டு விரட்டின பையனைப் பத்தி எங்க ஊர் நடுவுல தினமும் பாட்டுப் பாடிட்டு, மன்னிப்பு மட்டும் ஊர் ஊரா வேற யாருக்கோ போகுது. சரி. நாங்க சின்ன ஊரு. வரிசையில மூணாவதா நிக்கறதுக்கும் ஒரு விலை உண்டு இல்லையா? அதையும் சேர்த்து யோசிச்சு வைங்க."

திரும்பி வரும் வழியில் ஃபிலேமோனிக்கு ஒரு யோசனை வந்தது. மோட்டார்க்காரர் யோசனை: புகைகிற இடத்தைத் தேடாதே, எண்ணெயை மாற்று. பாட்டுக்கு முன்னால் ஒரு விளக்கம் சேர்த்துவிட்டால் என்ன? 'இந்தப் பாட்டு எந்த ஊரையும் குறிப்பதல்ல.' ஐந்து நொடி வேலை.

ஆனால் மரியாதை என்றால் எங்களுக்கு நீளம். மூன்று ஊரின் பெயரைச் சும்மா சொல்ல முடியுமா? ஊருக்கு உண்டான பட்டப் பெயர், தலைவருக்கு உண்டானது, பேச்சுக்காரருக்கு உண்டானது, போதகர், போதகர் மனைவி, மலை, ஊற்று எல்லாவற்றையும் முறைப்படி வணங்கிவிட்டு விஷயத்துக்கு வந்தபோது, தைமானேவின் கைப்பேசி ஒரு நிமிஷம் நாற்பது நொடி காட்டியது.

"மாமா, என் சரணமே இவ்வளவு நீளந்தான்."

"இருக்கட்டும். கேக்கறவங்களுக்கு மனசு குளிரணும்."

வியாழக்கிழமை காலை எனேலே புதுப் பாட்டைப் போட்டான். வைநாமோவைக் கடக்கும்வரை ஃபிலேமோனியின் வணக்கம் மட்டுமே ஒலித்தது. முதல் சரணம் சலேதூவில் போய் விழுந்தது. இரண்டாவது மதாலுவாவில். மூன்றாவதை மதாலுவாவுக்கு அப்பால் தென்னந்தோப்பில் மாடுகள் கேட்டன. மாடுகள் புகார் செய்யவில்லை.

பேருந்து அபியா போய்ச் சேர்வதற்குள் அசுவேலு ஃபிலேமோனியின் பட்டறைக்கு வந்துவிட்டார். தலைவர் பட்டம் பெற்ற பெரிய மனிதர், எண்ணெய்த் தரையில் நின்றார்.

"எங்க பெல்ட்டை எடுத்து சலேதூவுக்குக் குடுத்துட்டியா?"

"ஐயா, அது..."

"நேத்து வரைக்கும் எங்களுக்கு இருந்த அவமானம் இன்னிக்கு இல்ல. வெறும் வணக்கந்தான் கேக்குது. அப்ப நாங்க தின்ன பன்றிக்கு என்ன அர்த்தம்? ஏமாத்தித் தின்னோம்னு சலேதூக்காரன் சிரிக்கறான். பன்றியைத் திருப்பிக் குடுக்க முடியாது, செரிச்சுப் போச்சு. அதனால அவமானத்தையும் விட்டுக் குடுக்க முடியாது."

சலேதூவோ, முந்தின பழிக்கு மேல் இப்போது பெல்ட்டும் சேர்ந்துவிட்டது, ஆகவே பாக்கி ஏறிவிட்டது என்று ஆள் அனுப்பியது. மதாலுவா ஆளே அனுப்பவில்லை. தௌமுவா ஒரு சீட்டு மட்டும் அனுப்பியிருந்தார். அதில் 'ஆப்பிளும்' என்று ஒரே சொல்.

முடிவாக அசுவேலு, சனிக்கிழமை மூன்று ஊர்த் தலைவர்களும் வைநாமோ சபை மண்டபத்தில் கூடட்டும் என்றார். பாட்டு எந்த ஊரைப் பற்றியது என்று தீர்மானிக்க வேண்டும். எந்த ஊருக்கு அவமானம் என்று முடிவாகிறதோ, அந்த ஊருக்குப் பன்றி. தைமானேவை இந்தக் கரையில் வைத்திருப்பதா, விரட்டுவதா என்று சொல்லும் உரிமையும் அந்த ஊருக்கே. மற்ற இரண்டு ஊரும் வாயைத் திறக்கக் கூடாது. மூன்று தலைவர்களும் ஒப்புக்கொண்டார்கள். பொது எதிரி இருந்தால் அண்டை ஊர்கள் எவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போகின்றன என்பதை ஃபிலேமோனி அன்று கற்றுக்கொண்டார்.

அவர் தன் சொந்தப் படகின் மோட்டாரைக் கழற்றிக் கொடுத்து மூன்றாவது பன்றியை வாங்கினார். வீட்டுக்கு வந்தபோது தைமானே பையைக் கட்டி வைத்திருந்தாள்.

"நான் போயிடறேன் மாமா. அத்தைக்கு இனிமே பாயும் இல்ல."

"பையைப் பிரி. பன்றி போனா வளர்த்துக்கலாம்." அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தப் பாட்டை முழுசாப் போடு. என் வணக்கம் இல்லாம."

அவள் போட்டாள். பெல்ட்டு வந்தது. அதன்பின்,

ஆப்பிள் பறிச்ச பணம் வந்து சேர்ந்தாச்சா?
அனுப்புனவன் சாப்பிட்டானா, யாரும் கேட்டாச்சா?

கடைசியில், இதுவரை அவர் கேட்டேயிராத சரணம்:

விரட்டி விட்ட வீட்டுக்குள்ள விளக்கு எரியுது,
வெளிய நிக்கிற மூஞ்சி யாருக்குத் தெரியுது?

"யாரு இது?" என்றார் ஃபிலேமோனி.

"செமிசி. நமக்குப் பக்கெட் அடிச்சானே. மதாலுவாப் பையன். அப்பாவை எதிர்த்துப் பேசினான்னு வெரட்டிட்டாங்க. உங்க பட்டறைக்கு எதிர்ல பஸ் நிறுத்தத்துலதான் தூங்கறான்."

"அவனைத் தினமும் பாக்கறேனே. பஸ்ஸுக்கு நிக்கறான்னு நெனச்சேன்."

"மூணு மாசமாவா?"

ஃபிலேமோனி அன்றிரவுச் சாப்பாட்டுக்கு அந்தப் பையனைக் கூட்டி வரச் சொன்னார். அவன் சேப்பங்கிழங்கை இரண்டு கையாலும் தின்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் மேலேயே அவருக்கு வந்த கோபத்துக்கு எந்த முறைப்படி யாரிடம் குனிவது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை. மண்டபத்தின் மூன்று பக்கத் தூண்களிலும் மூன்று ஊரும் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தது. ஆவா என்கிற வேர்ச்சாறு கலக்கி, வரிசைப்படி குடித்து முடித்தார்கள். ஒரு ஓரத்தூணில் அபியாவிலிருந்து காலைப் பேருந்தில் வந்திருந்த ஒரு பெண்மணி, மடியில் அட்டையும் அதில் கத்தைக் காகிதமும் வைத்து உட்கார்ந்திருந்தாள். எழுத்துக்கு ஆள் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று அசுவேலு, மகேலேவைப் பாராட்டும் விதமாகத் தலையசைத்தார். மகேலேவும் அதே எண்ணத்தில் அசுவேலுவுக்குத் தலையசைத்தார். பின்கட்டுச் சமையல் கொட்டகையில் மூன்று ஊர் இளவட்டங்களும் விருந்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் சண்டை போட்டாலும் சமாதானமானாலும் அடுப்பு மூட்டுவது அவர்கள்தான்.

ஃபிலேமோனி நடுவில் உட்கார்ந்து சொன்னார். "பெரியவங்களே, எங்கிட்ட இருக்கறது இந்த ஒரு பன்றி. பாட்டு யாரைப் பத்தினதுன்னு நீங்களே சொல்லுங்க. ஆனா சும்மா சொன்னாப் போதாது. அத்தாட்சி வேணும்."

"அத்தாட்சியா?" அசுவேலு நிமிர்ந்தார். "எங்க ஊர்ல பெல்ட்டு படாத முதுகே கிடையாது. என் தம்பியோட பெரிய பையன், போன மாசம் தேவாலயப் பாட்டுக்கு வரலைன்னு வாங்கினான். மூணு நாள் மல்லாந்து படுக்கல."

"பேரு?" என்றாள் ஓரத்துப் பெண்மணி.

"எழுதிக்கம்மா. லௌதி. பதினாலு வயசு."

"பெல்ட்டெல்லாம் ஒரு அடியா?" மகேலே சிரித்தார். "எங்க ஊர்ல படகுக் கயிறு. எங்க பேச்சுக்காரரே சொல்லட்டும்."

பேச்சுக்காரர் கோலை ஊன்றி எழுந்தார். தன் வீட்டில் இரண்டு, மச்சான் வீட்டில் ஒன்று, அடிக்குப் பின் அதில் ஒன்றுக்குக் காது கேட்காது என்று, வம்சாவளி சொல்கிற கம்பீரத்தோடு சொன்னார். சலேதூ தொடையில் தட்டி ஆமோதித்தது.

"வயசு சொல்லுங்க," என்றாள் பெண்மணி. "யாரு அடிச்சதுன்னும் சொல்லுங்க."

"நாந்தான். வேற யாரு அடிப்பா?"

அதற்குப் பிறகு ஏலம் சூடு பிடித்தது. ஆப்பிள் பறிக்கப் போன பையன்கள் அனுப்பிய பணத்தில் கட்டிய சர்ச்சுக் கோபுரத்தை சலேதூ காட்டியது. அந்தப் பையன்களில் ஆறு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று பெற்றவர்களுக்கே தெரியாது என்றது. எங்க ஊரிலே எட்டு பேர் என்றது வைநாமோ. பதினாறு வயதில் பள்ளியை நிறுத்தி வேலைக்கு அனுப்பிய பெண்களின் பட்டியலை ஒருவர் வாசித்தார். இன்னொருவர், அவர் விட்டுப்போனதைத் திருத்தினார். அவரவர் அண்ணன் மகனும் அக்கா மகளும் வரிசையாக வந்து அந்த மண்டபத்தில் நின்றார்கள். மன்னிக்கவும், அவர்களுடைய பெயர்கள் மட்டும்.

தௌமுவா எல்லாரும் முடிக்கட்டும் என்று காத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நாங்க அடிக்கறதில்ல. வெரட்டிடுவோம். மொத்தம் முப்பத்தஞ்சு பேரு, பட்டியல் அந்த அம்மாகிட்ட குடுத்தாச்சு, இந்த வருஷம் மட்டும் பதினோரு பேரு. கடைசிப் பையன் என் சொந்த மகன். செமிசி. அவனைத் திரும்பிக்கூடப் பாக்கல. இதுக்கு மேல ஒரு அத்தாட்சி வேணுமா?"

மண்டபத்தில் மதாலுவா பக்கம் பெருமிதமான முணுமுணுப்பு எழுந்தது. அப்போதுதான் ஃபிலேமோனிக்கு ஒன்று உறைத்தது. பின்கட்டில் தேங்காய் துருவும் சத்தம் கேட்கவில்லை. சுவரில்லாத வீட்டில் எல்லாச் சொல்லும் எல்லாருக்கும்தான் கேட்கிறது. திரும்பிப் பார்த்தார். கொட்டகையில் இருபது முப்பது பையன்கள் கையில் தேங்காய் மூடியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். செமிசி நடுவில் இருந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. வெட்கம் இருந்தது, அவன் ஏதோ செய்துவிட்டது போல.

ஃபிலேமோனி எழுந்து நின்றார். சபையில் நின்றபடி பேசும் பட்டம் அவருடையது இல்லை. நின்றார்.

"ஒரு வாரமா நான் பாய்க்கு அடியில கிடக்கறேன். உங்க மூணு பேர் காலையும் பாத்துட்டேன். ஒரு வரி உங்களச் சுட்டுதுன்னு பன்றி கேக்கறீங்களே, அந்த வரியில நிக்கறவனுக்கு யாராச்சும் ஒரு வாய் சோறு குடுத்தீங்களா? உங்களை மட்டும் சொல்லல. என் பட்டறைக்கு எதிர்ல தூங்கினவனை நானும் பாக்கல. யாருகிட்ட யாரு குனியணும்னே நமக்குத் தெரியலையே. இந்தப் பொண்ணு பண்ண ஒரே தப்பு, நாம எல்லாம் சேந்து மூடி வச்சதை ஏழரை மணி பஸ்ஸுல ஏத்தி விட்டதுதான்."

"சரிப்பா, உணர்ச்சியாப் பேசற, நல்லா இருக்கு," என்றார் அசுவேலு. "உக்காரு. பன்றிக்கு வருவோம்."

"வைநாமோ பேரு குடுத்தது குறைச்சல்," என்றார் மகேலே.

"எங்க ஊர்ல வீடு குறைச்சல். வீட்டுக்கு எத்தனைன்னு பாருங்க, அதுதான் கணக்கு," என்றார் அசுவேலு.

"சொந்த மகனை யாரு குடுத்தா?" என்றார் தௌமுவா. "அதுக்கு ரெண்டு பேரா எண்ணணும்."

தைமானே ஓரத்துத் தூணுக்குப் பின்னால் எழுந்து, கட்டி வைத்திருந்த பையைத் தோளில் மாட்டினாள். எந்த ஊர் ஜெயித்தாலும் தன்னை எந்தப் பக்கம் விரட்டுவார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஃபிலேமோனி போய் அந்தப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். அவள் இழுத்தாள். அவர் விடவில்லை.

"போதும், வாக்குவாதம் வேண்டாம்," என்று அசுவேலு கையை உயர்த்தினார். "எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுதினது அந்த அம்மா. அவங்களே சொல்லட்டும், எந்த ஊரு ஜெயிச்சுதுன்னு. அவங்க சொன்னா சரி."

மகேலே தலையசைத்தார். தௌமுவாவும் தலையசைத்தார். பெண்மணி கடைசிக் காகிதத்தைப் புரட்டி, விரலால் கூட்டிப் பார்த்து, பேனாவை மூடினாள்.

"நான் உங்க சபை எழுத்தர் இல்லீங்க, அந்தப் பாட்டைக் கேட்டுட்டு வந்த பிள்ளைங்க நல இலாகா, உங்க ஊர்ல ஒரு பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லைன்னு மூணு தலைவரும் மூணு வருஷமா எங்களுக்கு எழுதிக் குடுத்துட்டு, இன்னிக்கு ஒரே உக்காரல்ல வைநாமோ இருபத்தேழு, சலேதூ முப்பத்தொண்ணு, மதாலுவா முப்பத்தஞ்சு, ஆக மொத்தம் தொண்ணூத்தி மூணு பிள்ளைங்க பேரு, வயசு, அடிச்சவங்க, வெரட்டினவங்க பேரோட சொல்லியிருக்கீங்க, அதனால பாட்டு எங்க ஊரைப் பத்தினதுதான்னு சொல்ற தலைவர் எவரோ அவர் வந்து பன்றியை ஓட்டிட்டுப் போகலாம், இதுல அவர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."